கேட்டா அமுக்குங்க

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. திகில் கதை என்றால் அடைமழையும் கும்மிருட்டும் ஊளையிடும் நாயும் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். வயது முப்பத்திமூன்று ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்வது அவள் உத்தியோகம். பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்த வேலையை விட்டுவிட்டு, யாரும் வர விரும்பாத இந்தக் கட்டடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். காரணம் அவள் புருஷன். அவனிடமிருந்து தப்பி வந்தாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள்.

வார்டுக்காரர் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். தாழ்வாரத்தின் கடைசி அறை. திறந்ததும் ஒரு வாடை மூஞ்சியில் அறைந்தது. மருந்து வாடை இல்லை. பல பேர் தலை வைத்து அழுத தலையணையின் வாடை.

அறைக்குள் இன்னோர் அறை இருந்தது. நான்கு பக்கமும் பஞ்சு அடைத்த தடித்த சுவர், அதைவிடத் தடித்த இரும்புக் கதவு, ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் ஹெட்போனும், ஒயர் வைத்த ஒரு பொத்தானும். வெளிச் சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே போகாது. உள்ளே கத்தினாலும் வெளியே வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பெட்டி என்பார்கள்.

"மேடம், ஒரு விஷயம்" என்று வார்டுக்காரர் ஒரு மரக்கட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீங்க உள்ள போறதா இருந்தா இதைக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டுப் போங்க. உள்பக்கம் கைப்பிடி உடைஞ்சு போச்சு. கதவு தானா சாத்திக்கும். வெளிய ஆள் இருந்தாத்தான் திறக்க முடியும்."

"ரிப்பேர் பண்ணலையா?"

"எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு."

"எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க எப்படிச் சமாளிச்சாங்க?"

வார்டுக்காரர் சாவிக்கொத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். "அவங்க இப்ப இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி அந்தப் புருஷனைப் பற்றி. அவளுடைய அக்கா அவனை 'அந்த மகராசன்' என்பாள். நாமும் அப்படியே சொல்வோம், வாய் நோகாமல் இருக்கும். மகராசன் அடித்ததில்லை, குடித்ததில்லை. அவனுக்கு இருந்த வித்தை ஒன்றே ஒன்று. சின்னவள் அழ ஆரம்பித்தால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். இரண்டு நாள், சில சமயம் நாலு நாள். இவள் சோறு தண்ணி இல்லாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாற்பது மெசேஜ் போனால், நாற்பத்தொன்றாவதுக்கு 'ம்' என்று ஓரெழுத்தில் பதில் வரும். அந்த ஓரெழுத்துக்கு இவள் உயிர் திரும்பி வரும். அவன் வந்ததும், எந்தத் தப்பும் செய்யாத இவள் மன்னிப்புக் கேட்பாள். நாலு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் மகராசன், "எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும்" என்றான். இவள் அவனுக்கு மூச்சு விட இடம் கொடுப்பதற்காகவே இங்கே வந்திருந்தாள். மனசு மாறிக் கூப்பிடுவான் என்ற நப்பாசை அடிமனசில் அப்படியே கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கெல்லாம் விளக்கம் அவள் தொழிலிலேயே இருந்தது. பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். வெளியே மெஷினில் உட்கார்ந்து, பீப் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். உள்ளே அமுக்கினால் மெஷினில் ஒரு பச்சை லைட் எரியும். சிலர் சத்தமே போகாதபோதும் அமுக்குவார்கள். எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம். சிலர் நன்றாகக் கேட்டாலும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், நாம் ஏன் முதலில் அமுக்க வேண்டும் என்று. தான் முதல் ரகம், மகராசன் இரண்டாவது ரகம் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடும்.

கேட்டால் அமுக்கி, கேட்காவிட்டால் சும்மா இருக்கும் ரகமும் உண்டு. அது அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் அக்கா பத்து வயதுவரை அத்தை வீட்டில் வளர்ந்தாள். கூப்பிட்டால் "என்னடா" என்று வந்து நிற்கும் அத்தை. சின்னவள் அம்மாவிடம் வளர்ந்தாள். அம்மா ஒரு நாள் மடியில் போட்டுக் கொஞ்சுவாள், மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அம்மா, நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டே சின்னவள் பேசப் பழகினாள்.

இப்போது அக்கா இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருந்தாள். பஸ் டிப்போவில் வண்டி வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கும் வேலை. அவள் தங்கையோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். "அந்த ஆளுக்கு என்னென்ன அனுப்பத் தோணுதோ, அதையெல்லாம் எனக்கு அனுப்பு." அப்படியே நடந்தது. 'நீங்க இல்லாம என்னால மூச்சு விட முடியலை' என்று இங்கிருந்து போகும். 'சாப்பிட்டியா?' என்று அங்கிருந்து வரும். 'ஒரே ஒரு தடவை குரல் கேக்கணும்' என்று போகும். 'ஏழாம் நம்பர் பஸ் பஞ்சர். தண்ணி குடி' என்று வரும். சின்னவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிடும். அவள் ஆலோசனைக்குப் போய்வந்த மனநல டாக்டர் இன்னொரு வழி சொல்லியிருந்தார்: "அந்தத் தவிப்பு வரும்போது பத்து நிமிஷம் ஒண்ணும் பண்ணாதீங்க. மூச்சை எண்ணுங்க. அது ஏறும், அப்புறம் இறங்கும்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் ஒரு காலையில், வழக்கம்போல் மெஷினைச் சரிபார்க்க ஆளில்லாத பெட்டிக்கு ஒரு சத்தம் அனுப்பினாள்.

பச்சை லைட் எரிந்தது.

ஒயர் உரசியிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி அனுப்பினாள். மறுபடி எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள். எரிந்தது. மனுஷக் காதுக்குக் கேட்கவே முடியாத அளவுக்குக் குறைத்தாள்.

உடனே எரிந்தது.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலி. பொத்தான் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் விட்டதுபோல் ஒயர் மட்டும் லேசாக ஆடியது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே விழுந்தடித்து ஓடியிருப்பார்கள். இவள் ஓடவில்லை. இங்கேதான் இவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். நாலு வருஷம் பதிலுக்கு ஏங்கிக் கிடந்தவள் அவள். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது.

அன்று மத்தியானம் அக்காவுக்கு மெசேஜ் அடிக்காமல் கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். அந்த மகராசனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் வாய்விட்டுச் சொன்னாள். வெளியே வந்து, பெட்டிக்குள் இருப்பவரோடு பேசும் மைக்கை ஆன் செய்து, தொழில் பழக்கத்தில், "கேக்குதா? கேட்டா அமுக்குங்க" என்றாள்.

எரிந்தது.

"நான் சொன்னது தப்பா?"

எரியவில்லை.

"நீங்களாவது போகாம இருப்பீங்களா?"

எரிந்தது. வெகுநேரம் அணையவே இல்லை.

பிறகு தினமும் அதே கதை. காலையில் சாப்பிடாமல்கூட அரை மணி முன்னால் வருவாள். அக்காவின் 'சாப்பிட்டியா'வுக்குப் பதில் போவது நின்றது. மகராசன் நினைப்பும் குறைந்தது. தனக்குக் குணமாகிவிட்டது என்றே நம்பினாள். குணமாவதாவது! கயிறு அறுபடவில்லை, ஒரு முளையிலிருந்து அவிழ்த்து இன்னொரு முளையில் கட்டியாயிற்று, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், அக்காவுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தாள். திரும்பி வந்த காலையில் அறையில் அந்தத் தலையணை வாடை குமட்டிக்கொண்டு வந்தது. "வந்துட்டேன். கேக்குதா?" என்றாள்.

லைட் எரியவில்லை.

பத்துத் தடவை கேட்டாள். மன்னிப்புக் கேட்டாள். ஆமாம், ஒரு லைட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். எரியவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. நாலு வருஷமாக ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நடுக்கம். அதை அடையாளம் கண்டுகொண்டபோது அவள் முதன்முறையாக அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்தாள்.

அன்றைக்கு வந்த முதல் நோயாளி ஒரு பள்ளிக்கூட டீச்சர். உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். சத்தம் அனுப்புவதற்கு முன்பே லைட் எரிய ஆரம்பித்தது. படபடபடவென்று, நிறுத்தாமல், ஆத்திரத்தோடு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் டீச்சர் பொத்தான் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறு நிமிஷம் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து கதவை அறைந்தார். சின்னவள் ஓடிப்போய்த் திறந்தாள்.

"உள்ள இன்னொருத்தர் இருக்காங்க" என்றார் டீச்சர், மூச்சு வாங்க. "என் காதுல வாய வச்சு, 'நீ யாரு, நீ யாரு'ன்னு கேக்குறாங்க. என் கையைப் பாருங்க."

கட்டை விரல் கன்றிச் சிவந்திருந்தது. யாரோ அதன்மேல் தன் விரலை வைத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கியதுபோல்.

சின்னவள் நேரே போய் வார்டுக்காரரைப் பிடித்தாள். "முன்னாடி இருந்தவங்க இப்ப இல்லைன்னீங்களே. என்ன ஆச்சு? மழுப்பாம சொல்லுங்க."

வார்டுக்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எக்ஸ்ரே எடுக்கறவர் ஒருத்தர் இருந்தார் மேடம். அவங்களுக்கு அவர்னா உசுரு. அவர் தோணினா வருவார், தோணலைன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், 'பெட்டிக்குள்ள உக்காரு, யாரும் பாக்க மாட்டாங்க, இதோ வர்றேன்'னு சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் போயிருக்கார். அடுத்து மூணு நாள் லீவு."

"அப்புறம்?"

"நான்தான் திறந்தேன். கையில அந்தப் பொத்தான் இருந்துச்சு. கட்டை விரல் அதோட ஒட்டிப் போயிருந்துச்சு. மூணு நாளும் அமுக்கியிருக்காங்க. வெளிய மெஷின்ல லைட் எரிஞ்சிருக்கும். பாக்க ஆள் இல்லையே."

"அந்த எக்ஸ்ரே ஆள் என்ன சொன்னார்?"

"மறந்துட்டேன்னார்" என்றார் வார்டுக்காரர்.

அன்றே சின்னவள் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள், இந்த அறையை மூட வேண்டும், தனக்கு வேறு இடம் வேண்டும் என்று. அறைக்குத் திரும்பி வந்தபோது லைட் எரிந்துகொண்டிருந்தது. அணையாமல், சிமிட்டாமல், வைத்த கண் வாங்காமல். அவள் மைக் பக்கம் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் வேலை பார்த்தாள். உள்ளேயிருந்து சத்தம் வராது என்றா சொன்னேன்? சுவரை யாரோ நகத்தால் பிறாண்டுவது சாயங்காலம்வரை கேட்டது.

சனிக்கிழமை வந்தது. அரை நாள் வேலை. அதற்கப்புறம் தொடர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. பதினொரு மணிக்கு போன் அடித்துக்கொண்டது. மகராசன். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவனாகவே அனுப்பியிருந்தான்: 'ஏன் மெசேஜே காணோம்? ஒரு மணிக்கு உன் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.'

சின்னவள் உடனே பதில் அடிக்கப் போனாள். நல்லவேளை, பழைய ஏற்பாடு ஞாபகம் வந்தது. அந்த மெசேஜை அப்படியே அக்காவுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: 'அசையாம அங்கயே இரு. வர்றேன்.'

மகராசன் சரியாக ஒரு மணிக்கு வந்தான். தாழ்வாரம் காலியாகியிருந்தது. வார்டுக்காரர்கூடப் போய்விட்டார். சலவைச் சட்டை, கையில் வண்டிச் சாவி, வாயில் அந்தப் பாதிச் சிரிப்பு.

"என்ன, கோவமா?" என்றான். "கிளம்பு. வீட்டுக்குப் போகலாம். நீ இல்லாம வீடு வீடாவே இல்லை."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். உள்ளே ஏதோ இளகியது, ஒளிப்பானேன்? போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கண்ணில் லைட் பட்டது. அது அணைந்திருந்தது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அறை முழுக்க அமைதியாக இருந்தது.

"இங்கிருந்து போயிடலாம், வாங்க. வெளிய நின்னு பேசலாம்" என்றாள் அவசரமாக.

"இதுதான் உன் பெட்டியா?" அவன் அவள் சொல்லை என்றைக்குக் காதில் வாங்கினான்? உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். "எனக்கும் டெஸ்ட் பண்ணு. காது கேக்கலை கேக்கலைன்னு நீதானே சொல்லுவ?"

"எந்திரிங்க. சொன்னாக் கேளுங்க."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவள் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தான். பொத்தான் கொக்கியில் இருந்தது.

லைட் எரிய ஆரம்பித்தது.

அவன் சிரிப்பு நின்றது. கை இறங்கி ஹெட்போனைப் பிடித்தது. கழற்றப் பார்த்தான். வரவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

உள்ளே பேசுவதைக் கேட்க ஒரு சுவிட்ச் உண்டு. அவள் ஓடிப்போய் அதைத் தட்டினாள்.

வந்தது அவள் குரல்.

"ஏங்க பேச மாட்டேங்கிறீங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு வார்த்தை பேசுங்க. திட்டவாவது திட்டுங்க. போகாதீங்க. போகாதீங்க. நீங்க போனா நான் செத்துருவேன். நீங்க போனா..."

பெட்டிக்குள் உட்கார்ந்து அவள் சொல்லி அழுத அத்தனை வார்த்தையும். அவளே சொன்னதுதான். ஆனால் இப்போது அதில் அழுகை இல்லை. பசி இருந்தது. அன்பென்று நினைத்துத் தான் சொன்னது வெளியே நின்று கேட்டால் இப்படியா இருக்கும் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

நடுவே இன்னொரு குரல், இழுத்து இழுத்து, அவளிடம் பேசியது. "நீ போ. லீவுதானே. மூணு நாள் கழிச்சு வா. மறந்துட்டேன்னு சொல்லு."

சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கிளம்பிப் போக அவள் கை தன் பையை நோக்கி நீண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் காலை உதைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே போய் அவன் தலையிலிருந்து ஹெட்போனைப் பிய்த்து எடுத்தாள். காதோரம் ரத்தம் கசிந்திருந்தது.

அவன் அவளைத் தள்ளிவிட்டு ஓடினான். அவசரத்தில் அவள் கட்டையை அண்டக் கொடுத்திருக்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

"திறங்க!" என்று கண்ணாடியில் அறைந்தாள். மகராசன் அறை வாசலில் நின்றான். திரும்பிப் பார்த்தான். இருவர் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன.

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

போன் வெளியே மேஜையில் இருந்தது. காற்று வருகிற விசிறியின் சுவிட்சும் வெளியேதான், அதுவும் அணைந்திருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் பஞ்சுச் சுவரில் விழுந்து செத்தது. காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தமே இரைச்சலாகக் கேட்டது.

கண்ணாடி வழியே மெஷின் தெரிந்தது. அதன் முன்னால் அவளுடைய நாற்காலி. காலி நாற்காலிதான். ஆனால் அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

மெஷினின் குமிழ் தானாகத் திரும்பியது.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து 'பீப்' என்றது. தொடர்ந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். "கேக்குதா? கேட்டா அமுக்கு."

கொக்கியில் இருந்த பொத்தான் இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. கட்டை விரல் தன்னால் அதன்மேல் போய் உட்கார்ந்தது.

"அமுக்கு. நீ அமுக்கினா நான் போகவே மாட்டேன்."

ஒரு தடவை அமுக்கினால் என்ன? அவளுக்குத் தெரியும் என்ன என்று. ஒரு தடவையோடு அவள் எதை நிறுத்தியிருக்கிறாள்? பொத்தானைக் கொக்கியில் மாட்டினாள். மறுபடி கையில் இருந்தது. மாட்டினாள். மறுபடி வந்தது. கடைசியில் அதைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தாள். மூச்சை எண்ணினாள். பத்து நிமிஷம். ஏறும், அப்புறம் இறங்கும்.

குரல் கெஞ்சியது. திட்டியது. மகராசன் குரலில், "சாரிடா, வந்துட்டேன்" என்றது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு பத்து நிமிஷம்.

பிறகு அது அம்மா குரலில் கூப்பிட்டது.

"சின்னவளே... கதவைத் திறந்துட்டேன் பாரு. கேக்குதா கண்ணு?"

அந்த ஒரு குரலுக்காக, ஐந்து வயதிலிருந்து இன்றுவரை, அவள் எத்தனை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள்! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. நகம் சதையில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. எண்ணினாள்.

பீப் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒரு கட்டத்தில் அது நின்றதா, தனக்குக் கேட்காமல் போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. மெத்தையின் பள்ளம் மேலெழும்பியது.

வெகுநேரம் கழித்துக் கதவு படாரென்று திறந்தது. வியர்த்து விறுவிறுத்து அக்கா நின்றுகொண்டிருந்தாள். "எங்கடி அந்தப் பொறம்போக்கு?" என்றவள் தங்கையைப் பார்த்ததும் கட்டையைக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். தொடைக்கு அடியிலிருந்து சின்னவளின் கையை அக்காவேதான் உருவி எடுக்க வேண்டியிருந்தது. மேஜையில் போன் ஒளிர்ந்தது. மகராசனிடமிருந்து: 'அவசரமா கிளம்ப வேண்டியதாப் போச்சு. அப்புறம் பேசலாம்.'

"இவன் விளங்குவானா?" என்று அக்கா போனைத் தூக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக் கட்டிலில் சின்னவள் கண் விழித்தாள். ஜன்னலில் வெயில். தெருவில் காய்கறி வண்டிச் சத்தம். அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம். தலைமாட்டில், அக்கா தன் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த போன். எடுத்து, மகராசனின் நம்பரை அழித்தாள். கட்டை விரல் நடுங்கவில்லை. நெஞ்சில் ஒரு படபடப்பும் இல்லை. இதுதான் நிம்மதியா என்று புதுச் சட்டையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்து மெதுவாக அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வந்துட்டியா? எத்தனை தடவைடி கேப்ப, நச்சு நச்சுன்னு?"

"நான் என்ன கேட்டேன்?"

"அதான், கேக்குதா, கேக்குதான்னு உள்ளருந்து ஒரு மணி நேரமா. எனக்கென்ன காது செவிடா? கேட்ட ஒவ்வொரு தடவையும், 'கேக்குது, சொல்லு'ன்னு சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

சின்னவள் விழித்ததிலிருந்து வாயையே திறக்கவில்லை.

அடுப்படியில், சோப்பு வாசனைக்கு அடியில், தலையணை வாடை அடித்தது. அக்கா ஒரு கையால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த இன்னொரு கையின் கட்டை விரல் மட்டும் தனியாக, விட்டு விட்டு, அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை.